தண்டு ஊன்றும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிதாக்கி, இரண்டு தரம் பார்த்தேன். முதல் படத்தில் ஜெட் ஸ்கீயின் கைத்தண்டைத் தாங்கும் பிராக்கெட். பின்பக்க போல்ட் துளையிலிருந்து மயிரிழையாக ஒரு கீறல் கிளம்பி, விளிம்பைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றிருக்கிறது. இரண்டாவது படத்தில் அதே இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சிலிக்கானைப் பிதுக்கி விரலால் வழித்துவிட்டிருக்கிறான். மூன்றாவது நீ பெருமையோடு எடுத்த படம்: 6 மி.மீ. இரும்புத் தகடு, நாலு மூலையும் கத்தி மாதிரி, பளபளவென்று. 'இதைக் கீழே கொடுத்து இறுக்கிட்டாப் போதுமாண்ணே?' என்று கேட்டிருந்தாய்.

போதாது. ஏன் போதாது என்பதை போனில் சொன்னால் 'சரிண்ணே, சரிண்ணே' என்று கேட்டுவிட்டு அந்தத் தகட்டையே மாட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. ஷார்ஜாவிலும் குவைத்திலும் பட்டறை வாசலில் நின்று இதே கேள்வியைக் கேட்கும் நம்மூர்ப் பையன்கள் இன்னும் பலர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

முதலில் நீ கையில் எடுத்திருக்கும் வண்டி எப்படிப்பட்டது என்று பார். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களை உட்கார வைத்து ஓட்டும் வண்டி வேறு, இது வேறு. இதில் இருக்கையே கிடையாது. பின்பக்கத் தட்டில் நின்றுகொண்டு, முன்மூக்கில் கீல் போட்டு மாட்டிய ஒரு நீண்ட தண்டைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அமெரிக்காவில் கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற மோட்டார் சைக்கிள் பைத்தியம் அறுபதுகளில் இந்த யோசனையோடு மல்லுக்கட்டினார். 1968ல் பொம்பார்டியர் கம்பெனி உட்கார்ந்து ஓட்டும் ஸீ-டூவை இறக்கிப் பார்த்தது, அப்போது அது நிலைக்கவில்லை. 1973ல் கவாசாகி இறக்கிய நின்று ஓட்டும் வகைதான் நிலைத்தது. ஜெட் ஸ்கீ என்ற பெயரே அந்தக் கம்பெனியுடையது, நாம்தான் எல்லா வண்டிக்கும் அதைச் சூட்டிவிட்டோம். 1990ல் யமாஹாவின் சூப்பர்ஜெட் வந்தது. குட்டிக்கரணம் அடிப்பவர்கள் இன்றைக்கும் தேடி வாங்குவது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத்தான். காரணம் எடை. பழைய சூப்பர்ஜெட் ஏறத்தாழ 140 கிலோ. 2017ல் கவாசாகி விட்ட ஃபோர் ஸ்ட்ரோக் எஸ்எக்ஸ்-ஆர் 250 கிலோ. அதைத் தூக்கி ஆகாயத்தில் புரட்ட எவனுக்கு முதுகு இருக்கிறது?

உன் வாடிக்கையாளரும் அந்த ஆசையில்தான் வந்திருக்கிறார். நேர்கோட்டில் ஓட்டுவதற்காக வடித்த பிராக்கெட்டை, கரணம் அடிக்கத் தோதாகப் பலப்படுத்தித் தரச் சொல்கிறார். (பட்டறையில் நாம் ஹேண்டில் போல் என்போம். எழுத்தில் 'போல்' என்றால் எதைப்போல என்று படிக்கிறவர்கள் தேடுவார்கள். ஆகவே தண்டு என்றே எழுதுகிறேன்.)

வாழைக்கு முட்டுக் கொடுப்பது உனக்குத் தெரியும். தார் தள்ளியதும் சவுக்குக் கழியை ஊன்றிக் கட்டுவோம். ஐப்பசிக் காற்றில் மரம் எங்கே முறிகிறது? கட்டிய இடத்தில் இல்லை, கட்டுக்கு ஒரு சாண் மேலே. முட்டுக் கொடுத்ததால் காற்று குறைந்துவிடுவதில்லை. அது வேலை செய்யும் இடம்தான் மாறுகிறது. பிராக்கெட்டும் அப்படித்தான். பிராக்கெட்டைத் தடிமனாக்கினால் போல்ட் இழுபடும். போல்ட்டைப் பெரிதாக்கினால் பிராக்கெட் உட்காரும் மேல்தளம், அதான் டெக், பிளக்கும். டெக்கின் அடியில் இரும்பைக் கொடுத்தால் இரும்பு முடிகிற ஓரத்தில் பிளக்கும். 'இது உடையாம இருக்க என்ன செய்யணும்?' என்று நீ கேட்கிறாய். 'இதை நான் கெட்டியாக்கினா, அடுத்து எது உடையும்? அது உடையும்போது ஓட்டுகிற ஆள் எங்கே இருப்பான்?' என்று கேட்டுப் பழகு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், உன்னைப் போலவே ஒரு தகடு வெட்டினேன். உன்னுடையது 6 மி.மீ., என்னுடையது 10. சதுரம். மூலையை உருட்டக்கூடத் தோன்றவில்லை. மாட்டி, தண்டைப் பிடித்து நாலு பேர் தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை. ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் வந்தார், மோவாயில் தையலோடு. திட்டவில்லை. பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்த ஒன்றை மேஜையில் வைத்துப் பிரித்தார். பிராக்கெட், போல்ட், என் தகடு மூன்றும் அப்படியே இருந்தன, ஒரு கீறல் இல்லை. அவற்றோடு டெக்கிலிருந்து ஒரு சதுரத் துண்டும் கூடவே வந்திருந்தது, தபால்தலையைக் கிழித்தெடுத்த மாதிரி, என் தகட்டின் அளவுக்கு அச்சாக. நான் கொடுத்த பலம்தான் அந்த ஆளின் மோவாயில் இறங்கியது. அந்தத் தகட்டை ரொம்ப நாள் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தேன்.

இனி விசை எப்படிப் போகிறது என்று பார். கீலிலிருந்து கைப்பிடி வரை தண்டின் நீளத்தை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள். மேலும் கீழும் தண்டு தாராளமாக ஆடும். அந்தத் திசையில் அது எதிலும் முட்டாதவரை பிராக்கெட்டுக்குப் பெரிய வேலையில்லை. ஓட்டுகிறவர் பின்னால் சாய்ந்து தொங்கினால் விசை தண்டின் நீளவாக்கில் நேராக வரும், அதையும் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டு விசைதான் எமன். தண்டு நிமிர்ந்திருக்கும்போது கைப்பிடியைப் பக்கவாட்டில் 40 கிலோ விசையோடு தள்ளுவதாக வை. வளைவில் சாய்கிற ஆளின் எடையில் பாதிதான் அது. பிராக்கெட்டின் இடதுவரிசை போல்ட்டுக்கும் வலதுவரிசை போல்ட்டுக்கும் நடுவே 10 செ.மீ. இருந்தால், கடப்பாரைக் கணக்குதான்: 100 செ.மீ.க்கு 10 செ.மீ., பத்து மடங்கு. ஒரு பக்க போல்ட்டுகள் 400 கிலோவோடு மேலே இழுபடும், மறுபக்கம் அதே 400 கிலோ டெக்கை அமுக்கும். அடுத்த வளைவில் பக்கம் மாறும். ஒரு மாலைப் பொழுதில் இது எத்தனை தரம் மாறி மாறி நடக்கும் என்று நீயே எண்ணிக்கொள். போல்ட் வரிசைகளுக்கு இடையிலான அகலத்தை 20 செ.மீ. ஆக்கினால் 400 என்பது 200 ஆகிவிடும். தடிமனை ஏற்றாமல், அகலத்தை ஏற்றியதால் வந்த லாபம் இது. அதனால் தகட்டின் கனத்தைக் கேட்காதே, எவ்வளவு தூரத்துக்கு விசையைப் பரப்புகிறாய் என்று கேள்.

இன்னொரு விசையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கரணம் தப்பி வண்டி மூக்குக்குப்புற விழும்போது தண்டு கீழே பானெட்டில் போய் அறையும். அந்த நொடியில் கீல் கீலாக இருக்காது. தண்டு தொடும் இடம் ஆதாரமாகி, தண்டே கடப்பாரையாகி, பிராக்கெட்டை வேரோடு நெம்பும். அதே மாதிரி மேலே முழுக்கத் தூக்கியபின் தடுப்பில் போய் முட்டும் வெட்டும் உண்டு. இதற்கு உலோகத்தைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. கீழே தடித்த ரப்பர்த் திண்டு, மேலே நீளம் பார்த்துக் கட்டிய நைலான் பட்டை, இந்த இரண்டும் உன் 6 மி.மீ. தகடு செய்யாததைச் செய்யும். விலையும் சொற்பம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தில் நான் கெடுபிடியாகத்தான் பேசுவேன். நின்று ஓட்டும் வண்டிகளில் பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் முன்மூக்கில், நீ வேலை செய்யப்போகும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும். டேங்கைக் கழற்றி வெளியே வை. 'காலி டேங்க்தானே' என்று சொல்லாதே. நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், போய் அடிவயிற்றில் படுத்துக்கொள்ளும், மேலிருந்து முகர்ந்தால் தெரியாது. பேட்டரியை எடு, பானெட்டைத் திறந்து போட்டு ஒரு ராத்திரி விடு, வெளியில் நின்று காற்றடித்துத் துரத்து, அப்புறம்தான் கிரைண்டர். என் புருவம் ஒரு பக்கம் மெலிந்திருப்பதை நீ ஒருநாள் கேட்டாய் அல்லவா? அதற்குக் காரணம் இதுதான்.

இப்போது பைபர் வேலை. இங்கேதான் நம்மூர்ப் பையன்கள் அடிபடுகிறார்கள், தெரியாததால் இல்லை, கொஞ்சம் தெரிந்ததால். சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்கப் பைபர் படகு வந்தது, கட்டுமரம் போய்விட்டது. நீ பத்தாவது படிக்கும்போதே மாமா பட்டறையில் கண்ணாடி இழை மேட் வெட்டி, ரெசின் பூசி, ரோலர் ஓட்டியவன். அந்தக் கை உனக்குச் சொத்து. ஆனால் அங்கே ஊற்றியது பாலியெஸ்டர் ரெசின், ஒட்டியது பாலியெஸ்டர் படகின்மேல். இந்த வண்டியின் உடம்பு வேறு சாதி. நறுக்கிய கண்ணாடி இழையையும் ரெசினையும் சேர்த்து, சூடான அச்சில் அமுக்கி எடுத்தது. எஸ்.எம்.சி. என்பார்கள். அதன் மேல்தோல் வழுவழுவென்று மூடிக்கிடக்கும். அதன்மேல் பாலியெஸ்டரைப் பூசினால் அன்றைக்குக் கல்லாக இருக்கும். இரண்டு மாதத்தில், அவித்த பனங்கிழங்கின் தோலைப் போல முழுசாக உரிந்து கையோடு வரும். அதனால் இங்கே எபாக்ஸிதான். எபாக்ஸிக்கும் மேல்தோல் போக வேண்டும். 40ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு, பளபளப்பு முழுக்கச் செத்து, வெளிறிய இழை கண்ணில் தெரிகிறவரை தேய். தேய்த்தபின் அசிட்டோனில் நனைத்த சுத்தமான துணியால் ஒரே திசையில் துடை. அதற்கப்புறம் அந்த இடத்தில் விரல் படக்கூடாது.

எபாக்ஸியில் இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். பாலியெஸ்டரில் வெயிலைப் பார்த்து ஹார்ட்னரைக் கூட்டுவோம் குறைப்போம். 'மழைக்காலம்டா, ரெண்டு சொட்டு சேத்து விடு' என்று மாமா சொல்லியிருப்பார். எபாக்ஸியில் ஹார்ட்னர் வெறும் தூண்டுகோல் இல்லை, ரெசினோடு சேர்ந்து உடம்பாகவே ஆகிவிடுவது. டப்பாவில் சொன்ன விகிதம் சொன்னதுதான். கூடினாலும் குறைந்தாலும் ரப்பர் மாதிரி கிடக்கும், இறுகவே இறுகாது. தராசில் நிறுத்துக் கலக்கு. ஆகஸ்ட் மாதத்தில் வளைகுடாவில் தகரக் கொட்டகையில் மதியம் கலக்கினால் டப்பாவிலேயே கொதித்துப் புகையும். விடிகாலையில், தொழுகைக்கு அழைக்கும் நேரத்தில் கலக்கு. கலக்கியதும் ஆழமான டப்பாவில் வைக்காமல் அகலமான தட்டில் பரப்பிவிடு. சூடு தங்காது.

துணி விஷயமும் அப்படித்தான். நீ பழகிய சாதா மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது. எபாக்ஸியில் அது கரையாது, மேட் முரண்டுபிடிக்கும். குறுக்கும் நெடுக்குமாக 45 பாகையில் இழை ஓடுகிற தைத்த துணி கிடைக்கும், பயாக்சியல் என்று கேள். முறுக்குகிற விசைக்கு அந்தக் கோணம்தான் தோது. டெக்கின் அடிப்பக்கத்தில் நாலு அடுக்கு போடு. முதல் அடுக்கு உள்ளங்கை இரண்டையும் விரித்து வைத்த அளவுக்கு, பக்கச் சுவர் வரை ஏறட்டும். அடுத்தடுத்த அடுக்குகள் ஒவ்வொரு ஓரத்திலும் 2 செ.மீ. சிறுத்துக்கொண்டே வரட்டும், கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி. சிறியதை முதலில் வைத்துப் பெரியதால் மூடுகிறவர்களும் உண்டு, அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். பெரிய அடுக்கு பழைய உடம்பை நேராகப் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. எப்படி வைத்தாலும், பலம் சட்டென்று முடியக்கூடாது, தேய்ந்து தேய்ந்து முடிய வேண்டும். சட்டென்று முடியும் இடத்தில்தான் தபால்தலை கிழியும்.

எபாக்ஸி இறுகியபின் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு கசியும். உப்புத்தாளால் தேய்த்தால் அதை உள்ளே தேய்த்துவிடுவாய். முதலில் தண்ணீரால் கழுவித் துடை, அப்புறம் தேய், அப்புறம் அடுத்த அடுக்கு. பைபர் தூசியைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. முகமூடி போடு. உன் மாமாவின் இருமல் உனக்குத் தெரியும்.

இதன்மேல்தான் தகடு. இரும்பு வேண்டாம். அலுமினியம், 6061-டி6, உன் 6 மி.மீ. கனமே போதும். ஆனால் அகலமாக, மூலைகளை ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றி வரைந்த வளைவுக்கு உருட்டி, ஓரத்தைச் சரிவாக அரம் போட்டு. டெக்கின் வளைவோடு தகடு முழுக்கப் படியாது. இடைவெளியில் கெட்டி எபாக்ஸியை மெத்தையாகக் கொடுத்து, அது இறுகியபின் போல்ட்டை முடுக்கு. மூக்கில் கூடும் ஒவ்வொரு கிலோவையும் கரணம் அடிக்கிறவன் கையில் உணர்வான் என்பதால் எடையையும் பார்த்துக்கொள்.

துளை போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டு மி.மீ. போல்ட்டுக்கு எட்டு மி.மீ. துளை போட்டு முடுக்குவதுதான் எல்லோரும் செய்வது. முடுக்க முடுக்கப் பைபர் நசுங்கும், நாளாக நாளாக அது அமுங்கிக்கொடுக்கும், போல்ட் தளரும், தளர்ந்த போல்ட் துளையை முட்டை வடிவமாகத் தின்னும். நீ அனுப்பிய முதல் படத்தில் அந்தக் கீறல் பிறந்ததும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிராக்கெட் பலவீனத்தால் வெடிக்கவில்லை, ஒரு போல்ட் தளர்ந்து மற்ற மூன்றும் அதன் பாரத்தைச் சுமந்ததில் வெடித்திருக்கிறது. ஆகவே துளையை 12 மி.மீ.க்குப் போடு. இழைத்தூள் கலந்த கெட்டி எபாக்ஸியால் அடை. இறுகியபின் நடுவில் 8 மி.மீ. போடு. இப்போது போல்ட்டைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண் நிற்கிறது, முடுக்கினால் அது தாங்கும். தண்ணீரும் பைபரின் உள்ளுக்குள் ஊறாது.

போல்ட் 316 எஸ்.எஸ். எஸ்.எஸ். என்றால் துருவே பிடிக்காது என்று நம்பாதே. காற்றே படாமல், ஈரத்தோடு, துளைக்குள் புதைந்து கிடக்கும் எஸ்.எஸ். உள்ளுக்குள்ளேயே அரிக்கும். தலை பளபளக்கும், நடுவில் பென்சில் முனை மாதிரி மெலிந்திருக்கும். அதோடு எஸ்.எஸ்.ஸும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியத்தை வெள்ளைத் தூளாகத் தின்றுவிடும். அங்கே கடல் சும்மா இல்லை. பெருங்கடலில் ஒரு கிலோ நீருக்கு 35 கிராம் உப்பு என்றால் வளைகுடாவில் 40ஐத் தாண்டும். போல்ட்டின் உடம்பு முழுக்கக் கிரீஸ் மாதிரியான தடுப்புப் பசையைப் பூசி, தலைக்கடியில் நைலான் வாஷர் போட்டு, மேலே மரைன் சீலன்ட்டால் மூடு. சீலன்ட்டிலும் நிரந்தரமாக ஒட்டும் வகை வேண்டாம், அடுத்து கழற்றப்போகிறவனும் நம்மைப் போல ஒருவன்தான். வாடிக்கையாளர் 'கார்பன் பைபர்தான் வேணும்' என்று அடம்பிடித்தால் போட்டுக்கொடு, தப்பில்லை. ஆனால் கார்பனும் அலுமினியத்தைத் தின்னும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அடுக்காவது கண்ணாடித் துணி கொடு.

கீறிய பிராக்கெட்டை வெல்டு அடித்துத் தரச் சொல்லுவார். அடிக்காதே. அது வார்ப்பு அலுமினியம், என்ன கலவை என்று நமக்குத் தெரியாது, வருடக்கணக்கில் உப்பு குடித்தது. வெல்டு பார்க்க அழகாக நிற்கும், அதற்குப் பக்கத்தில் புதிதாகக் கீறும். நல்ல 6061-டி6 தகடே வெல்டுச் சூடு பட்ட இடத்தில் பாதிக்குப் பாதி பலத்தை இழந்துவிடும். 276 மெகாபாஸ்கலில் வளையத் தொடங்க வேண்டியது அதில் பாதிக்கும் கீழே வளையும். புதிது வாங்கு, இல்லையென்றால் கட்டி உலோகத்திலிருந்து மில்லிங்கில் வெட்டி எடு. சந்தேகம் இருந்தால் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து வெள்ளைப் பொடியை அடித்துப் பார். கீறல் இருந்தால் சிவப்புக் கோடு தானாக எழும். டெக்குக்கு அதுகூட வேண்டாம், ஒரு காசு போதும். தட்டிக்கொண்டே போ. தேங்காய் பார்க்கிற காதுதான் இதற்கும். 'டங் டங்' என்று வந்துகொண்டிருந்தது 'தொப்' என்று மாறினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிட்டோம். அடுத்து எது போகும்? இதை நீதான் முடிவுசெய்ய வேண்டும். என் வரிசை இது: டெக் கடைசி வரை போகக்கூடாது, பிராக்கெட் அதற்கு முன்னால், கீலின் புஷ் எல்லாவற்றுக்கும் முதலில். புஷ் தேயும். தேய்ந்தால் தண்டு லொடலொடவென்று ஆடும், ஓட்டுகிறவனுக்குக் கையில் தெரியும், எரிச்சலாக இருக்கும், கொண்டுவருவான். சத்தம் போட்டுவிட்டுப் போகிற பாகம்தான் நமக்கு வேண்டும். அதனால்தான் கீலுக்கு எஃகு பேரிங் போடச் சொல்லி யார் சொன்னாலும் நான் பிளாஸ்டிக் புஷ்ஷோடு நிற்பேன். கீல் போல்ட் மட்டும் முழுக்கனத்தோடு, மரை வெட்டாத வழுவழுப்பான பகுதி புஷ்ஷுக்குள் உட்காரும் நீளத்தில் இருக்க வேண்டும். மரையின் பள்ளத்தில் பாரம் விழுந்தால் அது வெட்டுவாய்தான்.

தண்டுக்குள் ஓடுவது கேபிளும் வயரும். பிராக்கெட்டை உயர்த்தினாலோ நகர்த்தினாலோ ஸ்டியரிங் கேபிளின் வளைவு மாறும். மாட்டியபின் தண்டை முழுக்க இறக்கி, கைப்பிடியை இடம் வலம் முழுக்கத் திருப்பு, பிறகு முழுக்கத் தூக்கித் திருப்பு. நாலு நிலையிலும் கேபிள் எங்கேயும் இறுகவோ மடியவோ கூடாது. வயரில் இன்னும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச், மணிக்கட்டில் மாட்டும் கயிற்றோடு, கைப்பிடியில் இருக்கிறது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் அந்தச் சுவிட்ச் இணைந்தால்தான் எஞ்சின் நிற்கும், துண்டித்தால் நிற்காது. அப்படியென்றால் பிராக்கெட் பெயர்ந்து வயர் அறுந்த வண்டியை நிறுத்த வழியில்லை என்று அர்த்தம். மீட்டரை வைத்து உன் வண்டி எந்த ரகம் என்று பார். அந்த ரகம்தான் என்றால், பிராக்கெட்டுக்குக் கீழே வயருக்குத் தாராளமாக ஒரு சுற்று விட்டு, உறைக்குள் போட்டு, டெக்கில் தனியாகக் கட்டு. பிராக்கெட் போனாலும் வயர் போகக்கூடாது. ஆரம்பகால வண்டிகளில் இந்தக் கயிறே கிடையாது தெரியுமா? ஆள் விழுந்தால் வண்டி மெதுவாக வட்டமடித்து அவனிடமே திரும்பி வரும்படி விட்டிருந்தார்கள். நாய்க்குட்டி மாதிரி.

பிராக்கெட்டை 5 செ.மீ. முன்னால் தள்ளி வைத்தால் நன்றாக இருக்குமா என்றும் அவர் கேட்டதாக எழுதியிருந்தாய். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல். பலப்படுத்துவதும் இடம் மாற்றுவதும் இரண்டு தனி வேலை. ஒரே நேரத்தில் செய்தால், வண்டி கையில் மாறுபட்டு நடக்கும்போது எதனால் என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒரு பருவம் இப்படியே ஓட்டட்டும். கைகளுக்கு நீளம் போதவில்லை என்றால் தண்டை மாற்றலாம், அது நாலு போல்ட் வேலை. டெக்கில் புதிதாகத் துளை போட்டால் அதை அழிக்க முடியாது.

வாடிக்கையாளரைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்கள் பணம் இருப்பவர்கள், அவசரக்காரர்கள், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்பார்கள். எபாக்ஸிக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. முழுப் பலம் வர ஒரு வாரம் விடு. அதற்கு முன்னால் வண்டியைக் கொடுக்கச் சொல்லி முதலாளியே சொன்னாலும், கழற்றிய டேங்க் உன்னிடம்தானே இருக்கிறது? டேங்க் குழாயில் வெடிப்பு, மாற்றுக் குழாய் வரவில்லை என்று சொல். நான் சொல்லியிருக்கிறேன்.

முதல் இரண்டு மணி நேரம் ஓட்டியபின் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல். போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருப்பாய் அல்லவா, கோடு முறிந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. கீழே நட்டு தெரியும்படி ஒரு சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி வைத்துக்கொள். டேங்கைத் திரும்ப மாட்டிவிட்டால் அப்புறம் கை நுழையாது.

அதனால்தான் கேட்கிறேன்: டேங்கை மாட்டுவதற்கு முன்னால் கீழ்ப்பக்கத்தை வெளிச்சம் போட்டுப் படம் எடுத்து அனுப்பு. மேல்பக்கப் படம் எனக்கு வேண்டாம். அந்தச் சதுரத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, நாலு மூலையையும் உருட்டி வை, வேறு எதற்காவது ஆகும்.

அம்மா கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறாள், வருகிற ஆளிடம் வாங்கிக்கொள்.

உன் அண்ணன்